மொட்டைமாடி சோலாருக்கு எந்தக் கனெக்டர், எந்த ஜாயிண்ட்? வடசென்னை வீடுகளுக்கான முழு வழிகாட்டி

சோலார் போட்ட வீட்டில் கரண்ட் குறைந்தால் எல்லோரும் முதலில் பேனலைத்தான் சந்தேகப்படுகிறார்கள், அடுத்து இன்வெர்ட்டரை. இரண்டும் தொழிற்சாலையில் சோதித்து, சீல் வைத்து வந்தவை. மாடியில் வெயிலில் குந்தி உட்கார்ந்து, கையால் போடுவது நடுவில் வயரோடு வயரைச் சேர்க்கும் கனெக்டர்களை மட்டும்தான். கோளாறும் பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கும். மொத்தச் செலவில் கனெக்டர் விலை தூசு. ஆனால் விலை பேசும்போது பேனல் பிராண்டைப் பற்றி அரைமணி நேரம் பேசும் நாம், கனெக்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இதைப் படித்துவிட்டு நீங்களே வேலையில் இறங்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. அரசு மானியத்தில் போடுகிறவர்களுக்குப் பதிவு பெற்ற நிறுவனம்தான் வேலை செய்ய வேண்டும். ஆள் மாடி ஏறும்போது பக்கத்தில் நின்று என்ன பார்ப்பது, என்ன கேட்பது என்பதற்காக எழுதுகிறேன். சின்ன ரிப்பேருக்கு வரும் ஒயர்மேன் தம்பிகளுக்கும் பயன்படும்.

முதலில் ஊரைக் கணக்கில் எடுங்கள்

காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எல்லாம் கடலை ஒட்டியவை. ஜன்னல் கம்பியில் அடித்த பெயிண்ட் எத்தனை சீக்கிரம் உரிகிறது என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே உப்புக்காற்று கனெக்டரில் மயிரிழை இடைவெளி கிடைத்தாலும் உள்ளே போகும். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடிக்கும், ஈரம் செம்பைப் பச்சையாக்கும். மணலி, எண்ணூர் பக்கம் தொழிற்சாலைப் புகையும் சாம்பல் தூசியும் கூடுதல். ஐப்பசி, கார்த்திகை மழையில் பல மாடிகளில் தண்ணீர் வடியாமல் நிற்கும். கோவையிலோ மதுரையிலோ பத்து வருஷம் தாங்கும் அரைகுறை இணைப்பு இங்கே அத்தனை நாள் தாங்காது.

இன்னொரு தொல்லை நம் பக்கத்துக்கே உரியது: மாஞ்சா. தடை இருந்தாலும் காற்றாடி சீசனில் அறுந்த நூல் மாடி மாடியாகக் கிடக்கும். கண்ணாடித்தூள் பூசிய நூல் கேபிளில் சிக்கி, அதை யாராவது இழுத்தால் மேலுறை கீறிவிடும். தொங்கும் கேபிள் இருக்கக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 1: எத்தனை இணைப்பு என்று எண்ணுங்கள்

பொருள் வாங்குவதற்கு முன்பே ஒரு தாளில் வரையச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு 540 வாட் பேனல் 6, ஒரே வரிசையில், சீரியலில். ஒவ்வொரு பேனலுக்குப் பின்னாலும் கம்பெனியே பொருத்திய இரண்டு வயர், முனையில் கனெக்டரோடு வரும். பேனலுக்குப் பேனல் சொருகும் 5 இடமும் தொழிற்சாலைக் கனெக்டர்களே. வரிசையின் இரண்டு முனையிலிருந்து கீழே இறங்கும் கேபிளுக்கு 2, இன்வெர்ட்டர் பக்கம் 2. ஆக, கையால் போட வேண்டியது நாலே நாலு. இடையில் டிசி பாக்ஸ் வைத்தால் அதற்குள் திருகு முனைகள் சேரும்.

இதற்கு மேல் எண்ணிக்கை போனால் ஏன் என்று கேளுங்கள். தண்ணீர்த் தொட்டி குறுக்கே இருப்பதால் பேனலை இரண்டு வரிசையாகப் பிரித்திருக்கிறார்கள், அதனால் இடையில் ஒரு ஜம்பர் (இணைக்கும் துண்டுக் கேபிள்) என்றால் நியாயம். “கேபிள் பத்தலண்ணே, ஒரு ஜாயிண்ட் போட்டு இறக்கிக்கலாம்” என்றால் நியாயமில்லை. மாடி முனையிலிருந்து இன்வெர்ட்டர் வரை ஒரே துண்டாக வருகிற நீளத்துக்குக் கேபிள் வாங்க வேண்டும். நல்ல ஜாயிண்ட் எது என்று தேடுவதைவிட ஜாயிண்டே இல்லாமல் செய்வது எப்போதும் மேல்.

படி 2: கனெக்டர்: ஜோடி ஒரே கம்பெனியா?

எல்லோரும் எம்சி4 என்று சொல்வது, சுவிட்சர்லாந்தின் மல்டி கான்டாக்ட் நிறுவனம் 4 மி.மீ. முள் வைத்துச் செய்த கனெக்டரை. இன்று அது ஸ்டௌப்ளி நிறுவனத்தின் பொருள். அதே வடிவத்தில் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் செய்கின்றன. கடையில் கேட்டால் “எம்சி ஃபோர்னா எல்லாம் ஒண்ணுதான் சார், சொருகிப் பாருங்க, கிளிக்னு உக்காரும்” என்பார்கள். உட்காரும்தான். ஆனால் முள்ளின் உலோகப்பூச்சு, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கின் அழுத்தம், ரப்பர் வளையத்தின் தடிமன், பிளாஸ்டிக்கின் வகை இவை எல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஒரு கம்பெனியின் முள்ளும் இன்னொன்றின் குழியும் சேர்ந்து எப்படி வேலை செய்யும் என்று யாரும் பொறுப்பேற்பதில்லை. டிசி கனெக்டருக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 62852 சோதனையில் ஒரே கம்பெனியின் ஜோடியைத்தான் சோதிக்கிறார்கள். சோலார் அமைப்பு வடிவமைப்புக்கான ஐ.இ.சி. 62548, சொருகும் இரண்டு பக்கமும் ஒரே உற்பத்தியாளரின் ஒரே வகையாக இருக்க வேண்டும் என்கிறது.

எனவே வழி இது. முதலில் பேனலின் பின்பக்கம் கனெக்டரில் அச்சடித்திருக்கும் பெயரையும் மாடலையும் பாருங்கள். பேனலின் டேட்டாஷீட்டிலும் இருக்கும். கேபிளின் மாடி முனைக்கு அதே கம்பெனி, அதே மாடல் கனெக்டர். கீழே இன்வெர்ட்டரோடு பெட்டியில் ஒரு ஜோடி கனெக்டர் கொடுத்திருப்பார்கள். கீழ் முனைக்கு அதையே போட வேண்டும். இரண்டு முனைக்கும் இரண்டு வேறு கம்பெனி கனெக்டர் வந்தாலும் தப்பில்லை. ஒவ்வொரு ஜோடியும் தனக்குள் ஒன்றாக இருந்தால் போதும். பல பேர் இன்வெர்ட்டர் பெட்டியில் வந்ததைத் தூக்கி மாடியில் மாட்டிவிட்டு, கடையில் வாங்கியதைக் கீழே மாட்டுவார்கள். அப்படிச் செய்தால் இரண்டு முனையிலும் ஜோடி கெட்டுப்போகிறது.

பேனலில் உள்ள கனெக்டரை வெட்டிவிட்டு வேறு போட்டால்? பேனல் வாரண்டி போகும். அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

அட்டையில் பார்க்க வேண்டிய மற்றவை: வீட்டுக்கு 1000 வோல்ட் டிசி தாங்குவது போதும். மேலே சொன்ன 6 பேனலும் சேர்ந்தால் லோடு இல்லாதபோது ஏறக்குறைய 300 வோல்ட்தான் வரும். பேனலின் ஷார்ட் சர்க்யூட் கரண்ட் சுமார் 14 ஆம்பியர் என்றால் 30 ஆம்பியர் கனெக்டர் தாராளம். ஐபி67 அல்லது ஐபி68 (தூசியும் தண்ணீரும் புகாத காப்புத் தரம்) என்று இருக்கட்டும். இதில் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தக் காப்பு சொருகிப் பூட்டிய பிறகுதான். திறந்து கிடக்கும் கனெக்டருக்குத் தண்ணீர்க் காப்பு கிடையாது. பேனலை ஏற்றி வைத்துவிட்டு “மீட்டர் வரட்டும்” என்று வாரக்கணக்கில் முனையைத் திறந்து போட்டால் உப்பு உள்ளே உட்கார்ந்துவிடும். அதற்கென்றே மூடி விற்கிறார்கள், கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். பாலித்தீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போடுவது மூடி ஆகாது, உள்ளே வேர்த்துத் தண்ணீர் நிற்கும்.

படி 3: கேபிள் தப்பென்றால் கனெக்டரும் தப்பு

பாரிமுனைக் கடைகளில் 4 ஸ்கொயர் (செம்பின் குறுக்குவெட்டு 4 சதுர மி.மீ.) வயர் என்று மட்டும் கேட்டால் வீட்டு வயரிங் வயரை எடுத்து வைப்பார்கள். அதில் 1100 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். “1100 வோல்ட் இருக்கே, சோலாருக்கு 300தானே” என்ற கணக்கு அங்கேதான் வழுக்குகிறது. அது பிவிசி உறை, 70 டிகிரி வரைதான், வெயிலில் வருஷக்கணக்கில் கிடப்பதற்குச் செய்ததும் அல்ல. சோலார் கேபிளுக்கு ஈயம் பூசிய மெல்லிய செம்புக் கம்பிகள், அதற்கு மேல் இரண்டு அடுக்கு உறை. 90 டிகிரி தாங்கும். மேலே எச்1இசட்2இசட்2-கே என்றோ, ஈ.என். 50618, ஐ.இ.சி. 62930 என்றோ அச்சு இருக்கும். நம் ஊருக்கு அந்த ஈயப் பூச்சு ரொம்ப முக்கியம். பூச்சில்லாத செம்பு உப்புக்காற்றில் சீக்கிரம் கறுக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. கனெக்டரின் பின்பக்க நட்டுக்குள் ஒரு ரப்பர் இருக்கிறது. நட்டை முறுக்கும்போது அது கேபிளை இறுக்கிக் கவ்வினால்தான் தண்ணீர் நிற்கும். 4 ஸ்கொயர் சோலார் கேபிளின் வெளிவிட்டம் ஐந்தரை மி.மீ. அளவு, கனெக்டரின் ரப்பர் அந்தக் கனத்துக்குச் செய்தது. வீட்டு வயர் அதைவிட மெல்லிசு, ரப்பர் கவ்வாது. எத்தனை முறுக்கினாலும் கேபிள் உள்ளே ஆடும். கேபிளின் விட்டம், கனெக்டர் அட்டையில் போட்டிருக்கும் எல்லைக்குள் வருகிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

4 போதுமா, 6 வேண்டுமா? மாடியிலிருந்து இன்வெர்ட்டர் 20 மீட்டர் என்றால் போக வர 40 மீட்டர். 4 ஸ்கொயர் கேபிளுக்கு மீட்டருக்கு 5 மில்லி ஓம் என்று வைத்தால் 0.2 ஓம். 13 ஆம்பியரில் 2.6 வோல்ட் விழும், 250 வோல்ட்டில் ஒரு சதவீதம். இதுவரை பரவாயில்லை. மூன்று மாடி இறங்கி வாசலுக்கு வருகிற நீளம் என்றால் 6 ஸ்கொயர் எடுங்கள். எடுத்தால் முள்ளும் 6-க்கு உரியதாக இருக்க வேண்டும்.

படி 4: கிரிம்பிங். இங்கே நின்று பாருங்கள்

கிரிம்பிங் என்றால் கேபிளின் செம்பு முனையைக் கனெக்டரின் முள்ளுக்குள் வைத்து அழுத்திப் பிடிக்க வைப்பது. மற்ற வேலை நடக்கும்போது நீங்கள் கீழே போய் டீ சொல்லலாம். இந்த வேலை நடக்கும்போது மாடியில் இருங்கள்.

ஆள் பையிலிருந்து என்ன எடுக்கிறார் என்று முதலில் பாருங்கள். எம்சி4-க்கென்று உள்ள ராச்செட் கிரிம்பிங் டூல் என்றால் வாயில் 2.5, 4, 6 என்று மூன்று பள்ளம் இருக்கும், முழுவதும் அழுத்தி முடிக்காமல் பிடி விடாது. கட்டிங் பிளேயரை எடுத்தால் அங்கேயே நிறுத்துங்கள். “பிளேயர்லயே நல்லா டைட்டா அழுத்திருவேண்ணே” என்பார். டைட்டாக இருப்பது வேறு, கிரிம்ப் ஆவது வேறு. சரியான டூல் முள்ளின் இரண்டு சிறகையும் உள்பக்கமாக மடித்து, கம்பிக்குள் இறக்கி, ஒவ்வொரு இழையையும் நசுக்கிச் சேர்க்கும். இடையில் காற்றுக்கு இடமே இருக்காது. பிளேயர் தட்டையாக நசுக்கும், ஓரங்களில் இழைகள் தளர்வாக நிற்கும். அந்த இடைவெளியில்தான் நம் உப்புக்காற்று வேலையை ஆரம்பிக்கும்.

எவ்வளவு வித்தியாசம் என்று கணக்குப் போடலாம். நல்ல ஜோடியின் தொடர்புத் தடை அரை மில்லி ஓமுக்கும் கீழே. 13 ஆம்பியர் ஓடும்போது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூடச் சூடு வராது. கெட்ட கிரிம்ப் துருவேறி 50 மில்லி ஓம் ஆனால், 13ஐ 13ஆல் பெருக்கி 0.05ஆல் பெருக்குங்கள்: எட்டரை வாட். சுண்டுவிரல் நுனி அளவு உலோகத்தில், பிளாஸ்டிக்குக்குள், தினமும் உச்சி வெயிலில் அவ்வளவு சூடு. பிளாஸ்டிக் இளகும், ஸ்பிரிங் தளரும், தளர்ந்தால் தடை இன்னும் ஏறும். கடைசியில் பொறி. ஏசியில் கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொட்டு வருவதால் பொறி தானே அணைய வாய்ப்புண்டு. டிசியில் அந்த இடைவெளி இல்லை, பற்றினால் எரிந்துகொண்டே இருக்கும்.

வேலை நடக்க வேண்டிய ஒழுங்கு:

1. முதலில் பின்பக்க நட்டைக் கழற்றிக் கேபிளில் கோர்க்க வேண்டும். கிரிம்ப் செய்த பிறகு ஞாபகம் வந்து, முள்ளை வெட்டி எறிந்தவர்கள் நிறைய.

2. உறையை 7 மி.மீ. அளவு சீவ வேண்டும் (கம்பெனி தாளில் உள்ள அளவே இறுதி). ஸ்ட்ரிப்பர் வேண்டும். பிளேடால் சுற்றி அறுத்தால் நாலு இழை சேர்ந்து அறுபடும். அறுபட்டால் அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி சீவச் சொல்லுங்கள்.

3. எல்லா இழையும் முள்ளின் குழிக்குள் போக வேண்டும். ஒரு இழைகூட வெளியே மீசை மாதிரி நிற்கக்கூடாது. உறையும் குழிக்குள் நுழையக்கூடாது.

4. டூலில் சரியான பள்ளத்தில் வைத்து ஒரே அழுத்து. பிறகு கையால் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். கிரிம்பிங் தரத்தின்படி 4 ஸ்கொயர் இணைப்பு 310 நியூட்டன் இழுவை தாங்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 31 கிலோ எடை. கை இழுப்புக்கே உருவிக்கொண்டு வந்தால் அது கிரிம்ப்பே அல்ல.

5. முள்ளைக் கூட்டுக்குள் தள்ளும்போது கிளிக் சத்தம் வரும். வந்த பிறகு மெதுவாகப் பின்னால் இழுத்துப் பாருங்கள். அரைகுறையாக நின்ற முள், எதிர்ப்பக்கம் சொருகும்போது பின்வாங்கிவிடும். வெளியே பார்த்தால் பூட்டியது போலத்தான் இருக்கும்.

6. கடைசியில் நட்டு. இதற்கென்று பிளாஸ்டிக் ஸ்பேனர் ஜோடியாக வரும், ஒன்றால் பிடித்து ஒன்றால் முறுக்க வேண்டும். கை முறுக்கு போதாது. அளவுக்கு மீறினாலும் ரப்பர் பிதுங்கும்.

கிரீஸ், வாசலின், துரு எடுக்கும் ஸ்பிரே எதுவும் கனெக்டருக்குள் வேண்டாம். பேட்டரி முனையில் தடவிப் பழகிய கை இங்கேயும் தடவப் போகும். சில எண்ணெய்கள் இந்தப் பிளாஸ்டிக்கில் விரிசல் விழ வைக்கும். சால்டரும் வேண்டாம். சால்டர் உறிஞ்சிய இழைகள் விறைத்து, காற்றில் ஆடும்போது உறைக்குப் பக்கத்தில் முறியும்.

படி 5: சொருகும் முன் மீட்டர்

வெயில் இருக்கும்வரை பேனலை ஆஃப் செய்ய முடியாது. கீழே ஐசொலேட்டரை (டிசி லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அணைத்தாலும் மாடி வயரில் 300 வோல்ட் நிற்கும். எனவே வரிசையின் நடுவில் ஒரு இணைப்பைச் சொருகாமல் விட்டுவிட்டு மற்ற வேலையை முடித்து, கடைசியில் அதைச் சொருகுவது நல்ல பழக்கம்.

இன்வெர்ட்டரில் கொடுப்பதற்கு முன் டிசி மல்டிமீட்டரால் பாசிட்டிவ், நெகட்டிவ் பார்த்தே ஆக வேண்டும். பேனல் வயர் இரண்டுமே பெரும்பாலும் கறுப்பு. ஆண், பெண் கனெக்டரைத் தவறான கேபிளில் போட்டிருந்தால் தலைகீழாகவும் அழகாகச் சொருகிக்கொள்ளும்.

கரண்ட் ஓடும்போது கனெக்டரைப் பிடுங்கக்கூடாது. முதலில் இன்வெர்ட்டர், பிறகு டிசி ஐசொலேட்டர், அதற்குப் பிறகே கனெக்டர். வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள், துணி காயப்போடப் போகும் அம்மாவுக்கும் சேர்த்து.

படி 6: ஜாயிண்ட் போட்டே ஆக வேண்டுமென்றால்

எலி கடித்தது, மாஞ்சா அறுத்தது, பக்கத்து வீட்டில் டிரில் போட்டபோது பட்டது. டிசி கேபிள் நடுவில் வெட்டுப்பட்டால் முழுக் கேபிளையும் மாற்றுவதே சிறந்தது. முடியாவிட்டால் இரண்டே வழி. ஒன்று, வெட்டிய இடத்தில் ஒரே கம்பெனி எம்சி4 ஜோடி ஒன்றைப் போட்டுச் சேர்ப்பது. இரண்டு, டிசி 1000 வோல்ட் என்று எழுதிய டெர்மினலை ஐபி65 பெட்டிக்குள் வைத்து, கேபிள்கள் அடிப்பக்கத்திலிருந்து கிளாண்ட் (கேபிளை இறுக்கித் தண்ணீரைத் தடுக்கும் நட்டு) வழியாக நுழையும்படி செய்வது. 415 வோல்ட் ஏசி என்று மட்டும் எழுதிய டெர்மினல் ஆகாது.

முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவது கூடவே கூடாது. நம் வெயிலில் டேப்பின் பசை ஒழுகி, ஒரு மழையில் பிரிந்துவிடும். வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டர் துண்டு, அமுக்கினால் பிடிக்கும் லீவர் கனெக்டர் இவற்றுக்கு வீட்டுக்குள் ஸ்விட்ச் பாக்ஸில் இடம் உண்டு, மாடியில் இல்லை.

இரண்டு வரிசையைப் பேரலலில் சேர்க்க ஒய் வடிவ கனெக்டர் கிடைக்கிறது. சேர்ந்த பிறகு வரும் மொத்தக் கரண்ட் அந்த ஒற்றைக் காலின் அளவுக்குள் இருக்க வேண்டும். மூன்றோ அதற்கு மேலோ வரிசை சேர்ந்தால் வரிசைக்கு ஒரு டிசி ஃபியூஸ் வேண்டும். இன்வெர்ட்டரில் இரண்டு தனி உள்ளீடு இருந்தால் ஒய்யே தேவையில்லை, வரிசைக்கு ஒன்று கொடுத்துவிடலாம்.

படி 7: திம்பிள், எர்த், ஏசி பக்கம்

பெட்டிக்குள் திருகு முனையில் இழைக் கம்பியை அப்படியே நுழைத்தால் திருகு பாதி இழையைத்தான் பிடிக்கும். ஃபெரூல் எனும் சின்னக் குழாய் முனையை மாட்டி கிரிம்ப் செய்து நுழைக்க வேண்டும். போல்ட் முனை என்றால் ஈயம் பூசிய செம்புத் திம்பிள் (போல்ட்டில் மாட்டும் ஓட்டை உள்ள முனை), அதோடு ஸ்பிரிங் வாஷர்.

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வீடுகளில் அலுமினிய வயர் இன்னும் ஓடுகிறது. இன்வெர்ட்டரிலிருந்து வரும் செம்பை அதோடு நேராக முறுக்கினால் ஈரத்தில் அலுமினியம் அரித்துப்போகும். இரு உலோகத் திம்பிள் என்றே கடையில் கிடைக்கும். மீட்டருக்கு முன்பக்க வயர் மின்வாரியத்தின் சொத்து, அதைத் தொட வேண்டாம்.

ஜிஐ ஸ்டாண்டில் எர்த் வயரைக் கட்டும் இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி உலோகத்தோடு உலோகம் சேர்த்து முறுக்கி, அதற்குப் பிறகு மேலே பெயிண்ட் அடிக்க வேண்டும். கடலுக்குப் பக்கத்தில் 316 ஸ்டெயின்லெஸ் போல்ட் 304-ஐவிட நின்று உழைக்கும். பேட்டரி வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 48 வோல்ட்டில் 3 கிலோவாட் என்றால் 62 ஆம்பியர். அங்கே எம்சி4-க்கு வேலையில்லை, தடித்த கேபிளும் அறுகோணமாக அழுத்திய திம்பிளும்தான்.

படி 8: எங்கே தொங்க விடுவது

கனெக்டர் தரையில் கிடக்கக்கூடாது. பேனலின் சட்டத்துக்குக் கீழே, நேர் மழை படாத இடத்தில், ஸ்டெயின்லெஸ் கிளிப்பால் பிடித்திருக்க வேண்டும். சாதாரண வெள்ளை கேபிள் டை ஒரு கோடையில் உதிர்ந்துவிடும். கேபிள் கனெக்டரிலிருந்து நேராக வந்து அதற்குப் பிறகே வளைய வேண்டும். உடனே மடக்கினால் ரப்பர் ஒருபக்கம் திறக்கும். பெட்டிக்குள் நுழையும் முன் கேபிள் ஒரு தொய்வு போட்டு மேலேறினால் மழைநீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும்.

படி 9: மழைக்கு முன்னும் பின்னும்

வேலை முடிந்த அன்று மெக்கர் (கேபிள் உறையில் கசிவு உண்டா என்று பார்க்கும் மீட்டர்) வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன அளவு அமைப்புக்கு 500 வோல்ட்டில் சோதித்து, எர்த்துக்கும் கேபிளுக்கும் நடுவே குறைந்தது 1 மெகா ஓம் வர வேண்டும். எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள். பயன்படுத்திய கனெக்டரின் கம்பெனி, மாடல் பெயரையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை, சித்திரை வெயில் உச்சியில், சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் கன் எடுத்துக்கொண்டு எல்லாக் கனெக்டரையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரே வரிசையில் ஓடுவது ஒரே கரண்ட். எல்லாம் ஏறக்குறைய ஒரே சூட்டில்தான் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனித்துச் சுட்டால் அதுதான் குற்றவாளி.

மழைக்காலத்தில் கவனிக்க ஒரு தடயம் உண்டு. இரவு மழை பெய்த மறுநாள் காலை இன்வெர்ட்டர் ஐசொலேஷன் ஃபால்ட் (எர்த்துக்குக் கசிவு) என்று காட்டி நிற்கும். பத்து மணி வெயில் ஏறியதும் தானாக ஓட ஆரம்பிக்கும். “சரியாயிடுச்சு” என்று விட்டுவிடுவார்கள். சரியாகவில்லை, எங்கோ தண்ணீர் புகுந்து வெயிலில் காய்ந்திருக்கிறது. கையால் போட்ட அந்த நாலு கனெக்டரையும், உரசிக் கீறிய கேபிள் உண்டா என்பதையும் முதலில் பாருங்கள். உள்ளே பச்சையோ வெள்ளைப் பொடியோ தெரிந்தால் துடைத்து மாட்டுவது வீண். கேபிள் முனையில் செம்பு கறுத்திருந்தால் பளபளப்பு தெரியும் வரை வெட்டிவிட்டு, ஜோடியின் இரண்டு பாதியையும் புதிதாகப் போட வேண்டும். ஒரு பாதி பேனலோடு வந்தது என்றால் உங்கள் ஆளைக் கை வைக்க விடாமல் நிறுவிய கம்பெனியைக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் மானியத் திட்டமான பி.எம். சூர்ய கரில் போட்டவர்களுக்கு 5 வருஷப் பராமரிப்பு அவர்கள் பொறுப்பு. பில்லில் எழுதி வாங்கிய மாடல் பெயர் அன்றைக்கு உதவும்.